ஆலங்குடாக் காற்றில் சின்ன நாய்கள்

“உங்க வீட்டுல நாய்க்குப் பேர் வைக்கிற வழக்கமெல்லாம் உண்டாம்மா?”

சென்னையில், நாய்கள் தடை தாண்டும் போட்டிக்கான நடுவர் பயிற்சியில் சேரப் போனபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் மடியில் ஒரு வெள்ளைப் பொமரேனியன் உட்கார்ந்திருந்தது. கேள்வியில் கேலி அதிகம் இல்லை, உண்மையான சந்தேகம்தான். என் அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடி உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். உப்பளத்து நாய்களுக்கு நாங்கள் பேர் வைத்ததில்லை. “இல்ல சார். ஆனா எங்க காலடிச் சத்தம் கேட்டா வந்துரும்” என்றேன். சேர்த்துக்கொண்டார்.

பயிற்சியில் நல்லபடியாகவே தேறினேன். தேறியவுடன் முழு நடுவர் ஆகிவிட முடியாது. ஒரு போட்டியைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தனியாக, விதி பிசகாமல் நடத்திக் காட்ட வேண்டும். பாதியில் நின்றுபோன போட்டி சேர்த்தி இல்லை. அப்படி நின்றுவிட்டால் மறுபடியும் வாய்ப்புக்குக் காத்திருக்க வேண்டும். எனக்கு முன்னால் காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

அந்த நேரத்தில்தான் கொழும்பில் சின்ன நாய்கள் வளர்ப்பவர்கள் சிலர், புத்தளம் மாவட்டத்து ஆலங்குடாக் கடற்கரையில் ஒரு போட்டி வைக்கிறோம், நடுவர் கிடைப்பாரா என்று கேட்டார்கள். பெரிய நடுவர்கள் யாருக்கும் ஒழியவில்லை. நான் கிளம்பினேன். எங்கள் குடும்பத்தில் கடல் தாண்டிய முதல் ஆளும் நானே ஆனேன்.

இந்தப் போட்டியைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. ஒரு மைதானத்தில் தாண்டுவதற்குத் தடைகளும், நுழைந்து போகத் துணிக்குழாயும், வளைந்து வளைந்து ஓட வரிசையாக நட்ட குச்சிகளும், ஏறி இறங்கப் பலகைகளும் இருக்கும். நாய் அவற்றை நடுவர் வகுத்த வரிசைப்படி கடக்க வேண்டும். வளர்ப்பவர் கூடவே ஓடலாம், கையும் குரலும் காட்டலாம், தொடக் கூடாது. பிழையில்லாமல் விரைவாக முடிக்கும் நாய்க்குப் பரிசு. சின்ன நாய்களுக்குத் தடையின் உயரம் என் முழங்காலுக்கும் கீழே. அதைத் தாண்டுவதற்கு அவை படும் பாட்டையும் தாண்டியபின் அவை காட்டும் பெருமையையும் ஒருமுறை பார்த்தவர்கள் இன்னொரு முறை பார்க்க வருவார்கள்.

முதல் நாள்

கொழும்பிலிருந்து என்னை வேனில் கூட்டிப் போனவர் போட்டியை ஏற்பாடு செய்த நிலூஷா அக்கா. சிங்களவர். என்னோடு ஆங்கிலத்திலும் மற்றவர்களோடு சிங்களத்திலும் பேசுவார். அவர் பேச்சை இங்கே நான் தமிழாக்கித்தான் தருகிறேன். அவர் மடியில் புஞ்சி. உள்ளங்கை அகல முகமும் உதிர்ந்த பஞ்சு மாதிரி முடியுமாக ஒரு சின்னப் பெண் நாய். மறுநாளுக்கு மறுநாள் அதுவும் ஓடப்போகிறது. “இவள் ஜெயிப்பாள்” என்று நிலூஷா அக்கா சொன்னார். நடுவரிடம் சொல்லக் கூடாத வாக்கியம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புத்தளம் நெருங்கும்போது சாலையோரத்தில் வெள்ளைக் குவியல்கள் தெரிந்தன. உப்பளம். அதே பாத்தி, அதே வரப்பு, வெயிலுக்குத் தலையைச் சுற்றித் துணி கட்டிய பெண்கள். எங்கள் ஊரில் உப்புக் குவியலைப் பனையோலையால் மூடுவோம். இங்கே தென்னோலையில் பின்னிய கிடுகு. வேறு நாட்டுக்கு வந்து முதலில் பார்ப்பது அம்மாவின் வேலையாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பாலாவி தாண்டிக் கற்பிட்டிச் சாலையில் திரும்பிய கொஞ்ச தூரத்தில் நாலைந்து கழுதைகள் நடுரோட்டில் நின்றன. இந்தப் பக்கம் கழுதைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் தாமாகத் திரிகின்றன. ஓட்டுநர் பிரேக் போட்டார். வேன் நின்றது. கழுதைகள் போனபின்னும் நின்றது. தடைகள், குழாய், பலகை எல்லாம் வேனின் தலையில் கட்டியிருந்ததால் நிலூஷா அக்கா அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. புஞ்சி வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கியது. “நீ இவளைக் கூட்டிக்கொண்டு முன்னே போ” என்று என் கையில் கொடுத்துவிட்டார். போட்டியில் ஓடப்போகும் நாயை நடுவர் மடியில் வைத்துக்கொண்டு போவது முறையல்ல. வெயில் முறை பார்க்கவில்லை.

முச்சக்கர வண்டியை இங்கே ஓட்டோ என்கிறார்கள். வந்த ஓட்டோக்கள் நாயைப் பார்த்ததும் வேகம் கூட்டிப் போய்விட்டன. கடைசியில் ஒன்று நின்றது. தொப்பி போட்ட, தாடி வைத்த, முப்பது வயதுக்குள் இருக்கும் ஒருவர்.

“எங்க போகணும் தங்கச்சி?”

“ஆலங்குடா. கடற்கரை ஹோட்டல். நாய் இருக்குதுண்ணே.”

“எனக்குக் கண் இருக்கி. ஏறுங்க. இந்தச் சாக்க மடியில விரிச்சு அதுக்கு மேல நாய வைங்க. அதுட வாய் வண்டியில படாமப் பாத்தாச் சரி.”

போகும்போது அவரே விளக்கினார். “எங்கட மார்க்கத்துல நாய்ட வாய்த்தண்ணி பட்ட சாமான ஏழு தரம் கழுவணும். அதுல ஒரு தரம் மண் போட்டுக் கழுவணும். அதுக்குத்தான் மத்த ஓட்டோக்காரங்க நிக்கல்ல. நாய்ல கோபம் ஒண்டும் இல்ல. தாகத்துல கிடந்த நாய்க்குத் தண்ணி குடுத்த ஆள அல்லாஹ் மன்னிச்சான் எண்டு எங்கட மௌலவி சொல்லுவார். உங்கட நாயும் தாகத்துல தானே கிடக்கு.”

அவர் சொல்லி முடிப்பதற்கும் புஞ்சி கழுத்தை நீட்டி முன் சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியை நக்குவதற்கும் சரியாக இருந்தது. அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

“பட்டிட்டா?”

“பட்டிருச்சுண்ணே. மன்னிச்சுக்குங்க.”

“நக்கினது அது. நீங்க என்னத்துக்கு மன்னிப்புக் கேக்கிறீங்க?” என்று சிரித்தார்.

ஹோட்டலில் இறக்கிவிட்டு அப்படியே போய்விடுவார் என்று நினைத்தேன். பின்பக்கத்துக் கிணற்றடியில் வண்டியை நிறுத்தினார். அருகில் போனேன். கடற்கரை மணல் வேண்டாம், தென்னையடியிலிருந்து நல்ல மண்ணாக ஒரு பிடி கொண்டுவரச் சொன்னார். அதைத் தண்ணீரில் குழைத்துக் கம்பி முழுக்கப் பூசித் தேய்த்தார். அப்புறம் நான் வாளியில் மொண்டு கொடுக்க, அவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே கழுவினார். அவசரமும் இல்லை, அலுப்பும் இல்லை. முகம் கழுவுகிற மாதிரி ஒரு வேலை.

“கற்பிட்டி ரோட்டுல இவ்வளவு துப்புரவான ஓட்டோ வேற இல்ல” என்றார், முடிந்ததும்.

அவர் பெயர் ரிஸ்வான். மன்னாரில் பிறந்தவர். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது உம்மாவின் இடுப்பில் இருந்த பிள்ளை. வளர்ந்ததெல்லாம் இங்கே, முகாமில். “யுத்தம் முடிஞ்ச பிறகு ஊருக்குப் போய்ப் பாத்தன் தங்கச்சி. எங்கட வளவுல காடு நிக்கிது. நிண்டு பாத்திட்டு வந்திட்டன். புள்ளைகள்ட பள்ளிக்கூடம் இங்க தானே.” எங்கள் பக்கம் காயல்பட்டினத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள் என்றேன். “இங்க நானா” என்றார். அதிலிருந்து அவர் எனக்கு ரிஸ்வான் நானா.

இரண்டாம் நாள்

காலையில் இடியப்பமும் சம்பலும் சொதியும். சொதி எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிற பெரிய சாப்பாடு. பாசிப்பருப்பும் காய்களும் தேங்காய்ப்பாலுமாகக் கெட்டியாக இருக்கும், தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. இங்கே சொதி தினசரி, தண்ணீர் மாதிரி மெல்லிசு, இடியப்பத்தை நனைத்துக்கொள்ள. ஹோட்டல் சமையலறையில் இருக்கும் மெற்றில்டா அக்காவிடம் இதைச் சொன்னேன். இந்தக் கரையின் கத்தோலிக்க மீனவக் குடும்பத்துக்காரர்.

“கலியாணத்துக்கு மறுநாள் வரைக்கும் சொதி இல்லாம என்னண்டு இருக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டு இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தார். “நீங்கதானோ நாய்ப் போட்டிக்கு நீதவான்?”

“ஓம்” என்றேன். ஒரு நாளில் ஒட்டிக்கொண்டுவிட்ட சொல்.

“நல்ல வேலை. எங்கட வீட்டு நாய் கூப்பிட்டாலும் வராது.”

வேன் முதல் நாள் பொழுது சாய்வதற்குள் வந்து சேர்ந்திருந்தது. ஹோட்டலுக்கும் கடலுக்கும் இடையில், தென்னைகளுக்கு அப்பால் அங்கங்கே புல் பிடித்த ஒரு மணல் திடல். நான் சென்னையிலேயே வரைந்து வைத்த வரிசைப்படி தடைகளை நிறுத்தினோம். நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் தடைகளின் குறுக்குக் கம்புகளில் பாதி தரையில் கிடந்தன.

அப்போதுதான் காற்றைக் கவனித்தேன். அதாவது, வந்ததிலிருந்து காற்றுக்குள்தான் இருந்தேன். அது ஒரு பிரச்சினையாகும் என்று தோன்றவில்லை. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் இந்த மாதத்தில்தான் ஆலங்குடாவை நிறைக்கிறார்கள். அவர்கள் வருவது காற்றுக்காக. அவர்கள் வந்தால் பார்வையாளர்கள் கிடைப்பார்கள் என்று போட்டியையும் அதே மாதத்தில் வைத்துவிட்டார்கள். ஆளுக்கு ஏற்பாடு செய்தவர்கள் காற்றை மறந்துபோனார்கள்.

“இது சோளகம். ஆவணி போற மட்டும் இப்பிடித்தான் அடிக்கும்” என்றார் மெற்றில்டா அக்காவின் கணவர் அந்தோனி. கடல் கொந்தளிப்பால் படகுகள் கரையேறிக் கிடந்தன. வேலை இல்லாததால் அவரும் அவர் தம்பிமாரும் திடலின் ஓரத்தில் குந்தியிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரிலும் இந்தத் தென்மேற்குக் காற்றுக்கு அதே பெயர்தான். பெயர் தெரிந்து என்ன, கம்பு நிற்கவில்லை.

கம்பு என்பது மெல்லிய பிளாஸ்டிக் குழாய். இரண்டு பக்கமும் கால்களில் ஒரு சின்ன ஏந்தல் இருக்கும், அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். வைத்தோம், விழுந்தது. வைத்தோம், விழுந்தது. நிலூஷா அக்கா தார்ப்பாய் வாங்கி வந்து உயரமான கழிகளில் சுவர் மாதிரி கட்டச் செய்தார். கட்டி முடித்துத் தேநீர் குடிக்கப் போனோம். திரும்பி வரும்போது தார்ப்பாய் தென்னை உச்சியில் இருந்தது. ஒரு கழுதை உள்ளே வந்து எண் எழுதிய அட்டைகளில் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தது.

மாலையில் கொழும்பிலிருந்து ஆட்கள் நாய்களோடு வர ஆரம்பித்தார்கள். சிலரை ரிஸ்வான் நானாவே ஏற்றி வந்தார், இந்த முறை சீட் முழுக்கப் பிளாஸ்டிக் தாள் விரித்து. குட்டைக் கால் நாய்கள், கூர் மூக்கு நாய்கள், முடிக்குள் கண் தெரியாத நாய்கள். இறங்கியதும் எல்லாவற்றுக்கும் காதுகள் பின்னால் மடங்கின. விழுந்து கிடந்த கம்புகளைப் பார்த்து அவர்களின் முகங்களும் மடங்கின. “நாளைக்குக் காற்று குறையும்” என்று நிலூஷா அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். குறையாது என்று எனக்குத் தெரியும். போட்டி நின்றுபோனால் எனக்கு என்ன ஆகும் என்றும் தெரியும். மெற்றில்டா அக்கா வைத்த பாரைமீன் கறி மிக நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் நாள்

எழுந்து திடலுக்குப் போனால் எல்லாக் கம்புகளும் அதனதன் இடத்தில் இருந்தன. காற்று முந்தின நாளைப் போலவே வீசியது. ஒன்றுகூட அசையவில்லை. நிலூஷா அக்கா புஞ்சியைத் தூக்கிக்கொண்டு குழந்தை மாதிரி சிரித்தபடி நின்றார். அந்தோனி அண்ணனும் தம்பிமாரும் ஓரத்தில் நின்றார்கள், ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு அதைச் சொல்லாமல் நிற்கிறவர்களின் நிற்பு.

கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கம்பின் இரண்டு முனைகளையும் வலை பின்னுகிற நைலோன் நூலால் காலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். விடியுமுன் எழும்பி வந்து செய்த வேலை. என்ன அழகான கட்டு. நூல் ஒரு சுற்றுக்கூடப் புரளவில்லை.

“எப்பிடி?” என்றார் அந்தோனி அண்ணன். “இனிச் சோளகம் இல்ல, சூறாவளி வந்தாலும் அசையாது.”

எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். கடைசியில் காலால் ஒரு கம்பை எத்திக் காட்டினேன். கம்பு விழவில்லை. தடை முழுவதும் என் காலோடு இழுபட்டு வந்து சாய்ந்தது.

“அண்ணே, கட்டுல ஒரு குறையும் இல்ல. ஆனா இந்தக் கம்பு விழணும். ஓடி வர்ற நாய் இடிச்சா உடனே கழண்டு விழணும். அதுக்காகத்தான் கட்டாம வைக்கிறோம். விழலன்னா, அந்த வேகத்துல நாயோட முன்னங்கால் முறிஞ்சிரும்.”

அவர் கம்பைப் பார்த்தார், புஞ்சியின் காலைப் பார்த்தார். “முடிச்சு அவிழ்ந்தா மீன் போயிடும். எங்களுக்கு அதுதான் தெரியும். விழுறதுக்கெண்டு வைக்கிற சாமான இண்டைக்குத்தான் காணுறன்” என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனால் தம்பிமார் வேறு பக்கம் பார்த்தார்கள்.

நிலூஷா அக்கா என்னைத் தனியாக அழைத்துப் போனார். “இன்று ஒரு நாள். இது இந்த நாய்களுக்கு உயரமே இல்லை. எவருடைய நாயும் இடிக்காது. ஆட்கள் கொழும்பிலிருந்து வந்துவிட்டார்கள். கட்டை அவிழ்த்தால் போட்டி இல்லை. போட்டி இல்லாவிட்டால் உனக்கும்தான் ஒன்றும் இல்லை. யோசி.”

அவர் சொன்னது எல்லாம் உண்மை. அங்கே விதியைச் சொல்ல வேண்டியவள் நான் ஒருத்திதான். நான் பேசாமல் இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. எல்லா நாய்களும் பிழையில்லாமல் ஓடலாம், நான் முழு நடுவராகத் திரும்பிப் போகலாம். அந்த எண்ணத்தோடு கொஞ்ச நேரம் கடலைப் பார்த்து நின்றேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

“அவிழ்க்கணும் அக்கா. கம்பு விழாத தடையில் ஒரு நாயையும் நான் ஓட விட மாட்டேன்” என்றேன். அவர் புஞ்சியோடு உள்ளே போய்விட்டார்.

மெற்றில்டா அக்கா சமையலறைக் கத்தியோடு வந்தார், வெட்டிவிடலாம் என்று. “வெட்டாத. நல்ல நூல்” என்று அந்தோனி அண்ணன் தடுத்துவிட்டு, தான் போட்ட முடிச்சை எல்லாம் தானே உட்கார்ந்து அவிழ்க்க ஆரம்பித்தார். தம்பிமாரும் உட்கார்ந்தார்கள்.

முதலில் அவிழ்ந்த கம்பு அப்போதே உருண்டு விழுந்தது. இரண்டாவதும். மூன்றாவது தடை எங்கள் காலில் பட்டுப் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அதன் கட்டு அவிழ்ந்தும் கம்பு அப்படியே இருந்தது. நான் காத்திருந்தேன். ஒரு வலுத்த வீச்சு வந்து என் துப்பட்டாவைப் பறித்துக்கொண்டு போனது. கம்பு இருந்தது.

துப்பட்டாவைத் துரத்திக்கொண்டு ஓடும்போதே எனக்கு விளங்கிவிட்டது. காற்று குறுக்கே அடித்தால் கம்பின் முழு நீளத்தையும் தள்ளும். கம்பு காற்றின் போக்கிலேயே நீளமாகக் கிடந்தால் தள்ளுவதற்கு அதன் முனை மட்டும்தான் இருக்கிறது, அந்த முனையையும் தடையின் கால் மறைத்து நிற்கிறது. காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் எங்கள் ஊரில் யாரும் வரப்புக்கு மண் வெட்ட மாட்டார்கள். உப்பளத்தில் பிறந்த நான் நான்கு சுவருக்குள் இருந்து இந்தத் திடலை வரைந்திருக்கிறேன்.

சென்னையில் வரைந்ததை மடித்து வைத்துவிட்டேன். குச்சியால் மணலில் புதிதாக வரைந்தேன். எல்லாத் தடைகளும் காற்றின் போக்கில். நாய்கள் காற்றுக்குக் குறுக்கே ஓடித் தாண்டும், திரும்பும், மறுபடி குறுக்கே ஓடும். ஏறி இறங்குகிற ஆடும் பலகையைக் காற்றில் வைப்பது ஆபத்து. அதை எடுத்துவிட்டேன். துணிக்குழாயின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை. திரும்புகிற மூலைகளில் மட்டும் காற்று சுழன்று இரண்டு மூன்று கம்புகளைத் தட்டிக்கொண்டே இருந்தது. அங்கே ஒரு மறைப்பு வேண்டும். உயரச் சுவர் வேண்டாம், அது தென்னைக்குப் போகும். நாய்கள் சின்னவை, தடைகள் சின்னவை. முழங்கால் உயரத்துக்கு மறைப்பு இருந்தால் போதும். உப்பளத்து வரப்பு அவ்வளவுதான் உயரம்.

“கிடுகு இருக்குமா?” என்று கேட்டேன்.

“என்ட வேலிக்கு வாங்கி அடுக்கி வச்சிருக்கன்” என்றார் அப்போதுதான் கடைசி ஆட்களை இறக்கிவிட்டு வந்த ரிஸ்வான் நானா. போய் ஓட்டோவின் கூரை தெரியாமல் கட்டிக்கொண்டு வந்தார். அந்தோனி அண்ணனின் தம்பிமார் கிடுகுகளைச் சாய்வாக மணலில் புதைத்து, பின்னால் மண் அணைத்து, அவிழ்த்த நூலாலேயே ஒன்றோடொன்று கட்டினார்கள். கட்ட ஒரு பொருள் கிடைத்ததும் அவர்கள் முகம் பழையபடி ஆனது.

“இது விழ வேணுமோ, விழக் கூடாதோ? இப்பவே சொல்லிப்போடுங்க பிள்ள” என்றார் அந்தோனி அண்ணன்.

“விழக் கூடாது அண்ணே.”

“அது எங்கட வேலை.”

போட்டி தாமதமாகத்தான் தொடங்கியது. நிலூஷா அக்கா வந்தார், என் முகத்தைப் பார்க்காமல் புதிய வரிசையை நடந்து பார்த்தார். பட்டக்கார வெள்ளையர்களும் ஊர்ப் பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள். ரிஸ்வான் நானா கொஞ்சம் தள்ளி ஓட்டோவில் சாய்ந்துகொண்டு, “இவ்வளவு பாடும் ஒரு நாய் குழாய்க்குள்ள போய் வாறதுக்கா?” என்று மெற்றில்டா அக்காவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அடுத்த சில ஓட்டங்களில் அவர் ஒரு குட்டைக்கால் பழுப்பு நாயின் பக்கம் சேர்ந்துவிட்டார். அது குழாய்க்குள் போய் வெளியே வராமல் படுத்துக்கொண்டபோது, “வெளியில வாப்பா, மானத்த வாங்காத” என்று முதலில் கத்தியவர் அவர்தான்.

ஒரு நாய் நடுவில் நின்று மெற்றில்டா அக்காவின் சேலையை மோந்தது, அதில் மீன் வாடை. இன்னொன்று எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, கடைசித் தடையை மட்டும் தாண்டாமல் அடியில் புகுந்து போய்விட்டு, எல்லோரும் சிரித்ததைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டது. கம்புகள் காற்றில் விழவில்லை.

புஞ்சி கடைசியில் ஓடியது. அதுதான் எல்லாவற்றிலும் வேகம். குச்சி வரிசைக்குள் வெள்ளை நூல் கோத்த மாதிரி போனது. நிலூஷா அக்கா அதன் பக்கத்தில் செருப்பில்லாமல் ஓடினார். முடிவுக்கு முந்தின தடையில் கால் மணலில் வழுக்கியதோ என்னவோ, தாண்டுவதற்கு அரைக் கணம் பிந்திவிட்டது. முன்னங்கால்கள் இரண்டும் கம்பில் மோதின.

கம்பு விழுந்தது. புஞ்சி குட்டிக்கரணம் போட்டு மணலில் உருண்டது. சுற்றி நின்றவர்கள் மூச்சை இழுத்தது காற்றையும் மீறிக் கேட்டது. அது எழுந்து, உடம்பை ஒருமுறை உதறி, கடைசித் தடையைத் தாண்டி முடிவுக் கோட்டைக் கடந்தது.

நான் கையை உயர்த்தினேன். கம்பு விழுந்தால் பிழை. என்னை அழைத்து வந்து, சோறு போட்டு, தன் நாயை என் மடியில் தந்தவரின் நாய்க்கு நான் கொடுத்த பிழை. அது இல்லாவிட்டால் முதல் பரிசு புஞ்சிக்குத்தான்.

நிலூஷா அக்கா என் கையைப் பார்க்கவே இல்லை. மணலில் உட்கார்ந்து புஞ்சியின் முன்னங்கால்களை ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழே, விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்திப் பார்த்தார். மடக்கிப் பார்த்தார். புஞ்சி அவர் மூக்கை நக்கியது. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் வந்து அந்தக் காலைப் பிடித்துக் காட்டினார்.

“என் சுண்டுவிரல்கூட இதைவிடத் தடிப்பு” என்றார். விழுந்து கிடந்த கம்பைத் தானே போய் எடுத்து ஏந்தலில் வைத்துவிட்டுப் போனார்.

பரிசு, ஒரு சின்ன வெண்கல மணி, ரிஸ்வான் நானாவின் பழுப்பு நாய்க்குக் கிடைக்கவில்லை. நீர்கொழும்பிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் கூர்மூக்கு நாய்க்குக் கிடைத்தது. அவர் அழுதார். நாய் மணியைக் கடித்துப் பார்த்தது. போட்டி முழுதாக நடந்து முடிந்தது. அன்று மதியம் மெற்றில்டா அக்கா மாசிச் சம்பலும் கணவாய்க் கறியும் வைத்தார். எவ்வளவு சாப்பிட்டேன் என்று சொன்னால் எங்கள் வீட்டில் திட்டுவார்கள்.

நான்காம் நாள்

கிளம்பும்போது மெற்றில்டா அக்கா தாளில் இறுக்கிச் சுற்றிய கருவாட்டுப் பொதியைத் தந்தார். “விமான நிலையத்தில மணக்கும், அதைப் பற்றி யோசிக்காத” என்றார். அந்தோனி அண்ணன் திடலில் கிடுகுகளைப் பிடுங்கி அடுக்கிக்கொண்டிருந்தார், ஒன்றும் கிழியாமல். ரிஸ்வான் நானாவின் வேலிக்குப் போக வேண்டியவை அல்லவா. நான் வணக்கம் சொன்னதற்கு அவர், “கோபமில்ல பிள்ள. நாய்ட கால் முறிஞ்சிருந்தா அதை நான்தானே கட்டினன் எண்டு சாகிற வரைக்கும் இருந்திருக்கும்” என்றார். நான் நன்றி சொல்ல வந்த இடத்தில் அவர் எனக்கு நன்றி சொன்னார்.

புத்தளம் வரை ரிஸ்வான் நானாதான் கொண்டுவந்து விட்டார். உப்பளத்தைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னேன். காரணம் கேட்காமல் நிறுத்தினார். வரப்பில் நின்ற ஒரு அக்காவிடம், நானும் உப்பளத்துப் பிள்ளைதான் என்றேன். அவர் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, “அப்ப செருப்பக் கழட்டிப்போட்டு இறங்குங்க” என்றார். இறங்கினேன். பாதத்தில் பழைய எரிச்சல். சென்னையில்கூட என்னை யாரும் இவ்வளவு சீக்கிரம் நம்பியதில்லை.

ஊருக்கு வந்து சில வாரங்களில் முழு நடுவர் ஆனேன். அம்மாவிடம் சொன்னபோது, “அப்ப இனிமே யாரும் உன்கிட்ட ஏன்னு கேக்க மாட்டாங்களா?” என்றாள். கேட்பார்கள், பதில் என்னிடம் இருக்கும், அவ்வளவுதான் என்றேன்.

தூத்துக்குடியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் உப்பு எடுக்காமல் விட்ட மேட்டு நிலம் ஒன்றை வாடகைக்குப் பேசி, மண் நிரவி, முள் பொறுக்கி முடித்துவிட்டேன். சின்ன நாய்கள் வைத்திருக்கும் ஆறேழு குடும்பங்கள் வருவதாகச் சொல்லியிருக்கின்றன. அவற்றில் பாதி தெரு நாய்கள். தடைகளைத் தச்சரிடம் செய்யக் கொடுத்திருந்தேன். நேற்றுப் போய்ப் பார்த்தேன். வழவழவென்று இழைத்து, ஏந்தல்களை நான் சொன்னதைவிட ஆழமாகக் குடைந்து, கம்பை அதில் பொருத்தி ஆட்டிக் காட்டினார். “பாருங்க, நாய் என்ன, மாடு முட்டினாலும் விழாது” என்றார், மகிழ்ச்சியாக.

பக்கத்தில் உட்கார்ந்து, எல்லா ஏந்தலையும் அரத்தால் ராவித் தட்டையாக்கச் சொல்லிக் காரணமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வகுப்பு.